தண்ணீர் நின்ற உயரம்

2024 அக்டோபர் மாத நடுவில் வேளச்சேரி மேம்பாலத்தில் ஒரு விநோதமான காட்சி. பாலத்தின் ஓரமாக வரிசையாகக் கார்கள். உள்ளே ஓட்டுநர் இல்லை. பக்கத்தில் கல்யாண மண்டபமும் இல்லை, கட்சி மாநாடும் இல்லை. பலத்த மழை வரப்போகிறது, 16-ம் தேதி சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று வானிலை ஆய்வு மையம் சொல்லியிருந்தது. அதைக் கேட்டவுடன் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் காரைக் கொண்டுபோய்ப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தே திரும்பிவிட்டன. பள்ளிக்கரணை மேம்பாலத்திலும் இதே கதைதான். போலீஸ் அபராதம் போடுகிறது என்று ஒரு செய்தி பரவியது. அப்படி எதுவும் போடவில்லை என்று போக்குவரத்துப் போலீஸ் மறுத்தது. அபராதமே போட்டிருந்தாலும் என்ன? தண்ணீர் புகுந்த இன்ஜினைப் பிரித்து மாட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

15-ம் தேதி நல்ல மழை பெய்தது. ஆனால் எல்லோரும் பயந்த 16-ம் தேதி மழை பெரிதாக வரவில்லை. 17-ம் தேதி அதிகாலையில் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே சத்தமில்லாமல் கரை கடந்தது. பாலத்துக் கார்களை வைத்து இணையத்தில் ஒரே கேலி. வெயில் அடித்த பிறகு கேலி செய்வது சுலபம். காரை ஏற்றியவர்கள் எதைப் பார்த்து அந்த முடிவை எடுத்தார்கள்? வானிலை அறிக்கையைப் பார்த்து மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அறிக்கை மொத்தச் சென்னைக்கும்தான் வந்தது. பாலத்தில் ஏறியது பெரும்பாலும் தென்சென்னைப் பள்ளத்தில் இருப்பவர்களின் வண்டிகள். அவர்களுக்கு முன்னாலேயே இரண்டு தேதிகள் மனதில் இருந்தன. ஒன்று 2015 டிசம்பர் 1. இன்னொன்று 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடி வளாகத்திலிருந்து கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போன காணொளியை அன்று பார்க்காதவர்கள் குறைவு.

மனிதன் கணக்குப் போட்டு முடிவெடுக்கிறான் என்றுதான் பொருளாதாரப் பாடப்புத்தகம் சொல்லும். 1973-ல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு விஷயம் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை மனிதர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அது எவ்வளவு சுலபமாக ஞாபகத்துக்கு வருகிறதோ அவ்வளவு வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். கானெமனுக்கு 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தத்துவத்துக்குச் சோதனைச்சாலை வேண்டுமென்றால் அமெரிக்கா போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி முடிச்சூர் சாலையில் ஒரு நடை நடந்தால் போதும்.

முதலில் 2015. அந்த வருடம் நவம்பரிலேயே வானம் பொத்துக்கொண்டது. நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை சுமார் 105 செ.மீ. வருடம் முழுக்கச் சென்னையில் பெய்யும் சராசரி மழையே 140 செ.மீ. தான். (இதற்கு முன்னால் இதைவிட அதிகமாகப் பெய்த நவம்பர் ஒன்றே ஒன்று, 1918-ல். அதை நேரில் பார்த்து ஞாபகம் வைத்திருந்தவர் 2015-ல் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? வானிலைப் பதிவேட்டுக்கு மட்டும் மறதி கிடையாது.) நவம்பர் நடுவிலேயே முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வெள்ளம் புகுந்து, படகு வைத்து மக்களை மீட்க வேண்டியிருந்தது. தண்ணீர் வடிந்தது. மக்கள் திரும்பி வந்தார்கள், சேற்றை வாரிக் கொட்டினார்கள், மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். "இதுக்கு மேல என்ன பெய்யப் போகுது" என்ற நினைப்பு அப்போது இயல்பானது. ஒரு தடவை வந்துவிட்டால் அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது என்று மனம் நம்பிக்கொள்கிறது. மழைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இரண்டே வாரத்தில் டிசம்பர் 1. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அதாவது ஒரு வருட மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே, ஒரே நாளில். விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் புகுந்து பல நாட்கள் மூடிக் கிடந்தது. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல், 1878-ல் தொடங்கிய தி ஹிந்து நாளிதழின் அச்சுப் பதிப்பே டிசம்பர் 2-ம் தேதி வரவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அது மனிதர்களால் உண்டான பேரழிவு என்று தணிக்கைத் துறையின் அறிக்கை 2018-ல் சொன்னது.

இங்கேதான் ஞாபகம் செய்யும் ஒரு வேலையைக் கவனிக்க வேண்டும். "செம்பரம்பாக்கத்தைத் திறந்தார்கள், நாங்கள் மூழ்கினோம்" என்பதுதான் 2015-ஐப் பற்றி ஊர் முழுக்க நிலைத்துவிட்ட ஒரு வரிக் கதை. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டைக்காரர்கள் சொன்னால் சரி. முடிச்சூர்க்காரர் சொன்னால்? அடையாறு ஆறு தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில் உருவாகி, வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் குன்றத்தூர் பக்கமாக வந்து அதோடு சேரும் இடம் திருநீர்மலை. அதாவது முடிச்சூரைத் தாண்டி, கீழே. முடிச்சூரை மூழ்கடித்தது மேலேயிருந்து வந்த ஏரிகளின் தண்ணீரும், தலைக்கு மேலே கொட்டிய 49 செ.மீ. மழையும். வேளச்சேரியும் மடிப்பாக்கமும் அடையாற்றையே சேர்ந்தவை அல்ல. அவற்றின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கடலைத் தேடித் தெற்கே போக வேண்டும்.

ஆனால் 2015-க்குப் பிறகு எப்போது மழை வந்தாலும் எல்லோர் கண்ணும் தொலைக்காட்சியில் ஓடும் செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தின் மேல்தான். 2020 நவம்பர் 25, நிவர் புயல் நாள். ஏரியின் முழு உயரம் 24 அடி. 22 அடி தொட்டவுடன் பகலிலேயே மதகைத் திறந்துவிட்டார்கள், முதலில் 1,000 கன அடி, பிறகு படிப்படியாக அதிகம். நிறையும்வரை காத்திருக்காமல் இரண்டு அடி முன்னாலேயே திறந்த அந்த முடிவில் 2015-ன் ஞாபகம் இருக்கிறது. அரசு அதிகாரிகளுக்கும் ஞாபகம் உண்டு என்பது நல்ல செய்திதான். அன்று மதகைக் காட்டிய கேமராக்களில் எத்தனை ஆதனூர் ஏரியின் கலங்கலைக் காட்டின என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். ஞாபகம் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது, காரணத்தை நழுவவிட்டுவிடுகிறது. முடிச்சூரில் ஒருவர் செம்பரம்பாக்கம் 20 அடிதான் என்று கேட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டால், அந்த நிம்மதிக்கும் அவர் வீட்டு வாசலில் வரப்போகும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, இந்தப் பள்ளத்தில் ஏன் வந்து வீடு கட்டினார்கள்? "ஏரிக்குள்ள வீடு கட்டினா தண்ணி வராம என்ன வரும்" என்று ஒவ்வொரு வெள்ளத்துக்கும் யாராவது அறிவுரை சொல்வார்கள். பேராசை, அறியாமை, லஞ்சம் என்று காரணங்களும் அடுக்குவார்கள். லஞ்சமும் அனுமதிகளும் தனிக் கதை. ஆனால் வாங்கியவர் பக்கம் பார்த்தால் அவரையும் ஒரு ஞாபகம்தான் வழிநடத்தியது. தாகத்தின் ஞாபகம்.

2000-க்குப் பிறகான சென்னையை நினைத்துப் பாருங்கள். தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை கணினி நிறுவனங்களால் நிறைந்தது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984-லிருந்தே இருந்தது. வேலை தெற்கே வந்தது. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆட்களும் வந்தார்கள். அதே காலத்தில்தான் சென்னையின் கடும் வறட்சி. 2003-ல் புழல் ஏரி பாளம் பாளமாக வெடித்தது. தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை, நள்ளிரவில் லாரித் தண்ணீர். மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டதும் அந்த வருடம்தான். இதையெல்லாம் அனுபவித்த ஒரு குடும்பம் மனை பார்க்க வருகிறது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? "தண்ணி வருமா?" தரகர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: இருபதடியில் தண்ணி, கிணறு வற்றவே வற்றாது.

அவர் பொய் சொல்லவில்லை. ஏரியை ஒட்டிய தாழ்வான நிலத்தில்தான் கிணறு வற்றாது. தாகத்துக்குப் பயந்தவருக்கு அதைவிட நல்ல மனை கிடையாது. கூடவே விலையும் குறைவு. மனை பார்ப்பது பெரும்பாலும் கோடை விடுமுறையில், தரை காய்ந்து கிடக்கும்போது. இப்படித்தான் வறட்சியின் ஞாபகம் நல்ல மனிதர்களைக் கையைப் பிடித்து ஏரிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டது. 2005 மழையில் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியது உண்மை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே வீடு வாங்கியவர்கள். 2010-ல் வாங்க வந்தவர் 2005-ல் வேறு ஊரில் இருந்தார். அவருடைய ஞாபகத்தில் அந்தப் படகு இல்லை. அதற்கும் முன்னால் 1976-ல் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்தில் புகுந்ததை அவருடைய அப்பாவே கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

2015-க்குப் பிறகு கேள்வி தலைகீழாக மாறியது. "தண்ணி வருமா" போய், "தண்ணி நிக்குமா" என்று ஆனது. ஒரே தண்ணீர், வினைச்சொல் மட்டும் மாறிவிட்டது. அதுவும் எத்தனை நாளைக்கு? மூன்றரை வருடத்தில் 2019 வந்தது. அதே செம்பரம்பாக்கம் வறண்டு தரை தெரிந்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சில கணினி நிறுவனங்கள் சொல்லின (கொரோனாவுக்கு முன்பே!). ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளுக்கு ஓய்வில்லை. அந்தக் கோடையில் வீடு தேடியவர் மறுபடியும் பழைய கேள்விக்கே போயிருப்பார். மதகு அருகே உட்கார்ந்திருக்கும் பொறியாளரின் நிலைமையும் கிட்டத்தட்ட இதேதான். முன்கூட்டித் திறந்துவிட்டால் கோடையில் "குடிதண்ணீரைக் கடலில் கொட்டினார்" என்பார்கள். திறக்காவிட்டால் 2015.

காப்பீட்டுத் துறையில் இதற்கு உலகளாவிய சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் வெள்ளக் காப்பீடு எடுப்பவர்களை ஹோவர்ட் குன்ரூதர் போன்ற ஆய்வாளர்கள் பல வருடம் கவனித்தார்கள். வெள்ளம் வந்தவுடன் ஓடிவந்து பாலிசி எடுக்கிறார்கள். சில வருடம் தண்ணீர் வராவிட்டால், கட்டிய பணம் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். சராசரியாக ஒருவர் பாலிசியை வைத்திருப்பது இரண்டிலிருந்து நான்கு வருடம்தான். வணிகவியல் மாணவர்கள் இதைத் தாம்பரத்துக் கார்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடையாது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். இதைப் படித்துப் புரிந்துகொண்டு வருடாவருடம் பிரீமியம் கட்டுவதைவிட, காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பாலத்தில் நிறுத்துவது எளிது. செலவும் இல்லை.

ஞாபகத்தின் இன்னொரு குறை, அது எப்போதும் போன யுத்தத்துக்குத்தான் தயாராகும். 2016 டிசம்பரில் தென் புறநகர் முழுக்கத் தண்ணீருக்குப் பயந்துகொண்டிருந்தது. 12-ம் தேதி வந்தது வர்தா. அது காற்று. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்காவையே பல வாரம் மூட வேண்டியதாயிற்று. தெருவில் மரத்தடியில் மேடாகப் பார்த்து நிறுத்திய வண்டிகளின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஞாபகமே வேண்டாமா? 2004 டிசம்பர் 26-ஐப் பாருங்கள். சுமத்ராவை ஒட்டி சிமுலு என்று ஒரு தீவு. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. 1907-ல் அங்கே ஆழிப்பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிருந்தது. அதை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தார்கள்: பூமி பெரிதாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 97 வருடம் கழித்து அது நடந்தபோது தீவே மலையேறியது. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். அதே காலையில் தமிழகக் கடற்கரையில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நம் கரையில் சுனாமி என்ற சொல்லே அன்றுதான் பலருக்கு அறிமுகம். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே மறுபடியும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது கதை வேறு. சென்னையில் கட்டடங்கள் அதிர்ந்ததும் கடற்கரையோர மக்கள் யார் சொல்வதற்கும் காத்திருக்காமல் கிளம்பினார்கள். சிமுலுவில் வேலை செய்தது தனி மனிதரின் ஞாபகம் இல்லை என்பதுதான் முக்கியம். 2004-ல் ஓடியவர்களில் அநேகமாக யாரும் 1907-ஐப் பார்த்தவர்கள் கிடையாது.

தமிழ்நாட்டிலும் இப்படிக் கைமாற்றித் தரப்பட்ட ஞாபகம் இருந்தது. தாம்பரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகனின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. ஏரி, தாங்கல், மதகு, கலங்கல், மடுவு என்று தண்ணீர் நிற்கும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். மேட்டுத் தெரு, பள்ளத் தெரு என்று ஊருக்குள்ளேயே அளவு எடுத்து வைத்தார்கள். குடியிருக்கும் நத்தத்தை மேட்டில் வைத்து, பள்ளத்தைப் பயிருக்கு விட்டார்கள். பிற்பாடு மனை போட்டவர்கள் பள்ளத் தெருவுக்கெல்லாம் 'நகர்' என்றும் 'அவென்யூ' என்றும் பெயர் வைத்தார்கள். ஏரியை முழுக்க மறைக்க முடியாத இடத்தில் 'லேக் வியூ' என்று பெயர் சூட்டி அதற்கும் சேர்த்து விலை வைத்தார்கள்!

மறதியில் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு, அதுதான் இதில் வலிக்கும் இடம். தண்ணீர் வந்தால் வாடகைக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம். இருபது வருட வங்கிக் கடனில் வீடு வாங்கியவர் எங்கே போவார்? வீட்டை விற்க வேண்டுமானால் ஊர் மறக்க வேண்டும். கால்வாய் வேண்டுமானால் அரசு மறக்கக் கூடாது. ஆகவே ஒரே வீட்டில் ஒரே தண்ணீர் இரண்டு உயரத்தில் நிற்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் மார்பளவு. வீடு பார்க்க வந்தவரிடம் கணுக்கால் அளவு. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அழியாமல் விட்டு வைத்தவர்கள் அபூர்வம். பொங்கலுக்கு முன்பே பெயிண்ட் அடித்தவர்கள்தான் அதிகம். வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி, நாலடி தூக்கிக்கொண்டார்கள். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்தது. தூக்க முடியாத பக்கத்து வீட்டுக்கு அந்தத் தண்ணீரும் சேர்ந்து போகிறது. ஒருவருடைய ஞாபகம் இன்னொருவருக்கு வெள்ளமாக வந்து சேர்வது இப்படித்தான்.

வாடகைக்கு வீடு தேடும் கெட்டிக்காரர்கள் அதனால் தரகரிடமோ வீட்டுக்காரரிடமோ கேட்பதில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்த வீட்டின் விலையைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களும் சொல்லவில்லையென்றால் சுவரைப் பார்க்க வேண்டும். பெயிண்ட் புதுசாக இருக்கலாம், தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கலாம். ஆனால் வெள்ளம் பார்த்த வீட்டில் மோட்டார் சுவிட்சையும் மின்சார மீட்டர் பெட்டியையும் வயரைப் பிடுங்கி மேலே ஏற்றி மாட்டியிருப்பார்கள். சாதாரணமாக நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டிய பெட்டி, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் என்கிற உயரத்தில் இருக்கும்.